சிறியது வேறு, புதியது வேறு

அமெரிக்கச் சட்டம் ‘சிறு தொழில்’ என்று சொல்லும் இடத்தில் இந்திய அரசாணைகள் பெரும்பாலும் ‘ஸ்டார்ட்அப்’ என்று சொல்கின்றன. இரண்டும் ஒன்றே எனக் கொள்ளும் வழக்கம் நாளிதழ்ச் செய்திகளில் தொடங்கிக் கொள்கை வரைவுகள் வரை ஊறிப்போயிருக்கிறது. முதலாவது அளவைக் குறிக்கும் சொல். இரண்டாவது வயதைக் குறிக்கும் சொல். கைப்பேசிச் செயலி எழுதும் நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு உறைக்காமலே போகலாம். விண்கலங்களுக்கான உந்துவிசையையும் மின்னாற்றலையும் ஆராயும் நிறுவனத்துக்கோ அதன் ஆயுளே இந்த வேறுபாட்டில்தான் தொங்குகிறது.

வரையறைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இந்தியத் தொழில், உள்நாட்டு வணிக ஊக்குவிப்புத் துறை 2019 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஒரு நிறுவனம் பதிவான நாளிலிருந்து பத்து ஆண்டுகள் வரைதான் ஸ்டார்ட்அப்பாகக் கருதப்பட்டது. எந்த ஆண்டிலும் அதன் விற்றுமுதல் ₹100 கோடியைத் தாண்டியிருக்கவும் கூடாது என்பது அதன் நிபந்தனையாக இருந்தது. அமெரிக்காவின் சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டத்தில் முதன்மையான நிபந்தனை, பணியாளர் எண்ணிக்கை 500-க்கு மேற்படக் கூடாது என்பது. நிறுவனம் நேற்றுப் பிறந்ததா, நாற்பது ஆண்டுப் பழையதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

அப்படிக் கேட்காமல் விட்டதன் பயனுக்கு நல்ல சான்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் என்ற சிற்றூரில் 1985-இல் தொடங்கப்பட்ட புசெக் நிறுவனம். அது நெடுங்காலம் கட்டியழுதது ஹால் உந்துபொறி என்னும் கருவியோடு. செனான் வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து, எஞ்சும் அயனிகளை மின்புலத்தால் வேகமாக வெளியே விரட்டுவது அதன் வேலை. எலெக்ட்ரான்கள் தப்பியோடாதபடி ஒரு காந்தப்புலம் அவற்றைச் சுழலவிட்டுப் பிடித்துவைக்கும். எரிபொருளை எரித்துத் தள்ளும் இயந்திரத்தைவிட இது பலமடங்கு சிக்கனமானது. ஆனால் விசை மிகச் சிறிது. புசெக்கின் 200 வாட் உந்துபொறி தருவது 13 மில்லி நியூட்டன். ஒரு ஏ4 தாளைக் கால்பங்காகக் கிழித்து உள்ளங்கையில் வைத்தால் உணரும் கனம் அவ்வளவுதான். காற்றில்லாத வெளியில் அந்த மெல்லிய தள்ளல் மாதக்கணக்கில் தொடரும்போது செயற்கைக்கோளின் பாதை மாறுகிறது.

சோவியத் ஒன்றியம் 1970-களின் தொடக்கத்திலேயே இவ்வகைப் பொறியைப் பறக்கவிட்டிருந்தது. அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட ஹால் உந்துபொறி ஒன்று விண்வெளியில் முதன்முதலாக இயங்கியது 2006 டிசம்பரில் ஏவப்பட்ட டாக்சாட்-2 செயற்கைக்கோளில். அது விமானப்படையின் சிறுதொழில் ஆராய்ச்சி நிதியைக் கொண்டு புசெக் உருவாக்கிய பொறி. நிறுவனம் பிறந்ததற்கும் பொறி பறந்ததற்கும் இடையே 21 ஆண்டுகள். இந்தியாவின் 2019 வரையறையை அதற்குப் பொருத்தினால், 1995-லேயே அதன் தகுதி முடிந்துபோயிருக்கும்.

இந்தக் கதையின் அடுத்த பகுதி இன்னும் சுவையானது. 2010 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஏ.இ.எச்.எஃப்-1 என்ற அமெரிக்க இராணுவத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளின் முதன்மை இயந்திரம் விண்வெளிக்குச் சென்றதும் செயலிழந்தது. நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள கலம் தவறான பாதையில் சிக்கிக்கொண்டது. நிலைநிறுத்தலுக்கென்று வைத்திருந்த சிறு ஹைட்ரசீன் உந்துபொறிகளையும், அவற்றுக்குப் பிறகு ஹால் உந்துபொறிகளையும் இயக்கி, ஓராண்டுக்கு மேல் பொறுமையாகத் தள்ளித் தள்ளி, 2011 அக்டோபரில் அதை உரிய பாதையில் சேர்த்தார்கள். அந்த ஹால் உந்துபொறியின் பெயர் பி.பி.டி-4000. பெயரின் முதலெழுத்து புசெக்கைக் குறிப்பது. பெரிய நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்த பொறிக்கு வேர் அந்தச் சிறு நிறுவனத்தில் இருந்தது. பிறந்து 25 ஆண்டு கழிந்தும் ‘சிறு தொழில்’ என்றே கணக்கில் இருந்த ஒன்று, ஒரு பெருங்கலத்தைக் காப்பாற்றிய கதை இது.

உந்துவிசை ஆராய்ச்சி ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று கேட்பவர்கள், ஆயுட்சோதனை என்ற ஒன்றைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. ஹால் உந்துபொறியின் பீங்கான் சுவரை அயனிகள் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பு எவ்வளவு என்பதை அறிய, வெற்றிடக் கலனுக்குள் பொறியை உண்மையிலேயே இயக்கிக் காத்திருப்பதே பெருவழி. இஸ்ரோ தன் 300 மில்லி நியூட்டன் உந்துபொறியை 5.4 கிலோவாட் மின்சாரத்தில் 1000 மணி நேரம் இயக்கிச் சோதித்ததாக 2025 மார்ச் இறுதியில் அறிவித்தது. 1000 மணி என்றால் இரவுபகல் நிற்காமல் இயங்கினாலும் ஏறத்தாழ 42 நாள். இடையில் பம்பு நின்றாலோ மின்தடை வந்தாலோ நாள்கள் கூடும். ஒரு செயற்கைக்கோளின் முழு ஆயுளுக்குப் பல ஆயிரம் மணி தேவைப்படும். உள்ளே செலவாகும் செனானோ காற்றில் ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்குகூட இல்லாத வாயு, விலையும் அதற்கேற்றதே. மென்பொருளில் பிழை வந்தால் அன்றிரவே திருத்திவிடலாம். பீங்கான் அரிப்பை விரைவுபடுத்தச் சொல்லி எந்த முதலீட்டாளரும் இயற்பியலுக்கு மின்னஞ்சல் அனுப்ப முடியாது.

இந்தியாவில் இத்துறையில் தனியார் பங்களிப்பே இருந்ததில்லை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பிரெஞ்சு வைக்கிங் இயந்திரத்திலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட விகாஸ் இயந்திரத்தின் பகுதிகளை மும்பையின் கோத்ரெஜ், ஐதராபாத்தின் எம்டார் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்து தருகின்றன. இஸ்ரோ வரைபடம் தரும். நிறுவனம் கடைந்து, பற்றவைத்து, சோதித்துத் திருப்பித் தரும். கைத்திறன் மிக உயர்ந்தது; அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு துளைக்கு ஏன் அந்த விட்டம், அது சற்று மாறினால் எரிப்பறையில் என்ன நிகழும் என்ற அறிவு வரைபடத்தோடு வெளியே வருவதில்லை. செய்முறை வெளியே வந்தது, காரணம் உள்ளேயே தங்கிவிட்டது. ஆராய்ச்சி என்பது அந்தக் காரணத்தைத் தேடும் வேலை.

2020-இல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்து, இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பை உருவாக்கிய பிறகுதான் காரணத்தைத் தாமே தேடும் சிறு நிறுவனங்களுக்கு இடம் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல், மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் கொண்டு இயங்கும் ஓர் இயந்திரத்தை ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்து, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து பறக்கவிட்டது. அதற்கு முன் பலமுறை கடைசி நேரத்தில் ஏவுதல் நிறுத்தப்பட்டதும், ஒவ்வொரு நிறுத்தத்தையும் இணையத்தில் சிலர் நகைத்ததும் நினைவிருக்கலாம். ஐதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பர் 18 அன்று விக்ரம்-எஸ் ராக்கெட்டை 89.5 கிலோமீட்டர் உயரம் செலுத்தியது. பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் ஹால் உந்துபொறியிலும் நச்சுக்குறைந்த உந்துபொருளிலும் உழைக்கிறது. மும்பையின் மனஸ்து ஸ்பேஸ் ஹைட்ரஜன் பெராக்சைடை அடிப்படையாகக் கொண்ட உந்துபொருளை எடுத்துக்கொண்டது. இப்போது புழக்கத்திலுள்ள ஹைட்ரசீன் கடும் நஞ்சு; அதை நிரப்பும் பணியாளர் விண்வெளி வீரரைப் போல முழு உடற்கவசம் அணிந்தே நெருங்க வேண்டியிருக்கிறது. அதற்கு மாற்றுக் கிடைப்பது பணியிடப் பாதுகாப்புக்கும் பெரிய பேறு.

இந்த நிறுவனங்களுக்கு அரசு செய்த மிகச் சிறந்த உதவி எதுவென்று கேட்டால், பெயரளவில் அது கொள்கையே அல்ல. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலை, செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகு வெறும் குப்பையாகச் சுற்றும். அதற்கு மின்கலமும் சூரியத் தகடும் பொருத்தி, சிறு கருவிகளை ஏற்றிச் சோதிக்கும் மேடையாக மாற்றினார்கள். போயம் என்று பெயரிட்டு 2022 ஜூன் 30 அன்று முதன்முறையாக இயக்கினார்கள். பெல்லாட்ரிக்ஸின் ருத்ரா உந்துபொறி 2024 புத்தாண்டு நாளில் சென்ற போயம்-3 மேடையில் சோதிக்கப்பட்டது. அதே மேடையில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் 100 வாட் எரிபொருள் மின்கலமும் இருந்தது. அரசின் ஆற்றல் ஆராய்ச்சியும் ஒரு சிறு நிறுவனத்தின் உந்துவிசை ஆராய்ச்சியும் ஒரே பலகையில் அமர்ந்து பூமியைச் சுற்றின. மனஸ்துவின் பொறி 2024 டிசம்பர் இறுதியில் போயம்-4-இல் ஏறியது. சிறு நிறுவனத்திடம் ‘இது ஏற்கெனவே விண்ணில் இயங்கியிருக்கிறதா?’ என்றுதான் எந்த வாங்குநரும் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தரும் வாய்ப்பை, எப்படியும் வீணாகப் போகவிருந்த ஓர் உலோகக் கூட்டில் உருவாக்கியது பாராட்டத்தக்க மதிநுட்பம்.

பணத்தின் பக்கம் திரும்பினால்தான் வயதுச் சிக்கல் தலைதூக்குகிறது. 2024 அக்டோபரில் விண்வெளி நிறுவனங்களுக்கென ₹1,000 கோடி துணிகர முதலீட்டு நிதிக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு நிறுவனத்துக்கு ₹10 கோடி முதல் ₹60 கோடி வரை என்பது உத்தேசம். 2025 ஜூலையில் ₹1 லட்சம் கோடி ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்கத் திட்டம் வந்தது; பெரும்பாலும் குறைந்த வட்டியோ வட்டியில்லாததோ ஆன நீண்டகாலக் கடனாக, தொழில்நுட்பம் ஆய்வகத்தில் ஓரளவு தேறிய பிறகே தரப்படுவது. பாதுகாப்புத் துறையின் ஐடெக்ஸ் திட்டம் 2018 முதல் ₹1.5 கோடி வரை மானியம் தருகிறது. ஆனால் நிறுவனமும் இணையான பங்கு போட்டாக வேண்டும். தொகைகள் சிறியவை என்று குறை சொல்ல முடியாது. இவற்றின் இலக்கணம்தான் சிக்கல். துணிகர முதலீடு நிறுவனத்தின் பங்கை எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகளில் பலமடங்காகத் திரும்பி வருவதை எதிர்பார்க்கும். கடன் திரும்பி வந்தாக வேண்டும். இணைப்பங்கு கேட்கும் மானியமோ கையில் ஏற்கெனவே பணம் உள்ளவருக்கே எட்டும். மூன்றுமே, ஆராய்ச்சி பெரும்பாலும் வெல்லும் என்ற அனுமானத்தில் நிற்பவை. நாற்பது பேர் கொண்ட ஒரு நிறுவனம் எதிர்மின்முனை ஒன்றை மட்டும் பதினைந்து ஆண்டு ஆராய்ந்து, நாற்பது பேராகவே இருந்து, நாட்டின் எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் அதைச் செய்து தரலாம். அத்தகைய நிறுவனத்துக்கு இந்தப் பட்டியலில் பெயரே கிடையாது.

அமெரிக்கத் திட்டத்தின் பிறப்பு இதற்கு நேர்மாறான இலக்கணத்தில் நிகழ்ந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அலுவலர் 1977-இல் தொடங்கிய சிறு முயற்சி, 1982-இல் சட்டமானது. வெளியாருக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் தரும் ஒவ்வோர் அரசுத் துறையும், அதில் குறைந்தது ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களிடம் செலவிட்டாக வேண்டும். இன்று அந்தப் பங்கு 3.2 சதவீதம். நாசாவைப் பொறுத்தவரை முதற்கட்டம் ஆறு மாதம், சுமார் 1.5 லட்சம் டாலர்: இது நடக்குமா என்று மட்டும் பார்க்க. இரண்டாம் கட்டம் இரண்டு ஆண்டு: செய்து காட்ட. பங்கு எடுத்துக்கொள்வதில்லை, திருப்பிக் கேட்பதில்லை, அறிவுச் சொத்து பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்கும். முதற்கட்டத்தில் பல முயற்சிகள் நின்றுபோகும் என்பது திட்டத்தின் வடிவமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. தேறியவற்றை மறுபடி போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாமலே அரசு நேரடியாக வாங்கவும் சட்டம் வழிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது வினைமுற்று. அமெரிக்கச் சட்டத்தின் வினை ‘செலவிட வேண்டும்’. இந்தியாவின் 2017 பொது நிதி விதிகளில் ஸ்டார்ட்அப்களைப் பற்றி வரும் இடத்தின் வினையோ ‘தளர்த்தலாம்’: முன்னனுபவமும் முந்தைய விற்றுமுதலும் வேண்டும் என்ற நிபந்தனைகளை, தரம் குறையாத பட்சத்தில் தளர்த்தலாம். ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியத்தை மீறினால் அலுவலர் விளக்கம் எழுத வேண்டும். ‘லாம்’ என்று முடியும் வாக்கியத்தைப் பயன்படுத்தினால்தான் அவர் விளக்கம் எழுத வேண்டும். தணிக்கையை எதிர்நோக்கி உட்கார்ந்திருக்கும் ஒருவர் இரண்டில் எதைத் தேர்வார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 2022-23 வரவு செலவுத் திட்ட உரையில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 சதவீதம் தொழில்துறைக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்படும் என்றார் நிதியமைச்சர். வரவேற்கத்தக்க அறிவிப்பே, ஆனால் அங்கேயும் வினை ‘திறந்துவிடப்படும்’. கதவைத் திறந்துவைப்பது ஒன்று, உள்ளே அழைத்து இலை போடுவது வேறு.

எதிர்வாதங்கள் வலுவற்றவை அல்ல. அமெரிக்கத் திட்டத்தில் நூற்றுக்கணக்கான மானியங்களை அடுத்தடுத்துப் பெற்று, சந்தைக்கு எதையும் கொண்டுவராமல் அறிக்கைகளாலேயே பிழைக்கும் நிறுவனங்கள் உண்டு என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. அவற்றுக்கு உச்சவரம்பு வைப்பதா என்ற பூசலுக்கிடையே அந்தத் திட்டத்துக்கான அனுமதியே 2025 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகும் நிலை வந்தது. தோல்விகளும் குறைவில்லை. புசெக்கின் அயோடின் உந்துபொறியைச் சுமந்து 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 ராக்கெட்டில் சென்ற லூனா-எச்-மேப் என்ற சிறு கலம், ஒரு வால்வு சிக்கிக்கொண்டதால் உந்துபொறி இயங்காமல், நிலவைச் சுற்றும் பாதையை அடையவே இல்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாடு, இப்படிப்பட்ட தோல்விகளுக்குப் பணம் தர முடியுமா என்று கேட்பவரைக் கஞ்சன் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு மறைவான தவறு இருக்கிறது. தோல்விக்கான செலவு எப்படியும் வரத்தான் போகிறது. எந்தக் கட்டத்தில், யார் தலையில் என்பதே விவகாரம். காவேரி விமான இயந்திரத் திட்டம் 1980-களின் இறுதியில் ஒரே அரசு ஆய்வகத்தின் தோளில் ஏற்றப்பட்டு, 2008-இல் தேஜஸ் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அந்த ஆய்வகத்தாரின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது முறையாகாது. உலகில் மிகச் சில நாடுகளுக்கே கைவந்த கலை அது. எனினும், விசையாழி இலைகளுக்கான உலோகம், வெப்பம் தாங்கும் பூச்சு, எரிப்பறை என்ற தனித்தனிப் புதிர்களைப் பத்துச் சிறு நிறுவனங்களிடம் சிறு தொகையில் பிரித்துக்கொடுத்திருந்தால், எது நடக்காது என்பது முன்னதாகவே, மலிவாகத் தெரிந்திருக்கக்கூடும். அப்படிப் பிரித்துக் கொடுக்க அன்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. மானியத்தால் பிழைக்கும் நிறுவனங்களைப் பொறுத்தவரை, முந்தைய மானியங்களில் எத்தனை சோதனை மேடை வரை சென்றன என்று பார்த்து அடுத்ததைத் தருவது கடினமான கணக்கல்ல.

பணத்தைவிட அரிதான பொருள் இன்னொன்று: சோதனை மேடையில் நேரம். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவுக்கு இருப்பதைப் போன்ற இயந்திரச் சோதனை வசதிகளை எந்தச் சிறு நிறுவனமும் சொந்தமாகக் கட்ட இயலாது. இன்-ஸ்பேஸ் வழியாக அவற்றைத் தனியாரும் பயன்படுத்தும் ஏற்பாடு உள்ளது. ஸ்கைரூட்டின் கலாம்-250 திட எரிபொருள் இயந்திரம் 2024 மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவில்தான் சோதிக்கப்பட்டது. ஆனால் இஸ்ரோவின் சொந்தப் பணியும் வெளியாரின் பணியும் ஒரே வாரத்தில் மோதினால் யார் காத்திருப்பார் என்பது வெளிப்படை. ஆண்டின் இத்தனை நாள் சிறு நிறுவனங்களுக்கு உரியவை என்று முன்கூட்டியே அட்டவணையில் எழுதிவைப்பதற்கு ஒரு ரூபாய் கூடுதல் நிதியும் வேண்டாம்.

கட்டாயம் என்பது இந்திய நிர்வாகத்துக்குப் புதிதும் அன்று. உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-லேயே அமெரிக்கத் திட்டத்தின் பெயரை ஏறத்தாழ அப்படியே எடுத்துச் சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சி முயற்சி என்ற ஒன்றைத் தொடங்கியது. விண்வெளித் துறை அந்தப் பெயரை எட்டிப்பார்க்கவில்லை. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து கொள்முதல் செய்வதற்கான 2012 ஆணை. நடுவண் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தை அந்நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது அது. 20 சதவீதமாக இருந்தது 2018-இல் உயர்ந்தது. வினை ‘வேண்டும்’ என்றே முடிகிறது. நிறுவனத்தின் வயதை அது கேட்பதில்லை; முதலீடும் விற்றுமுதலுமே அளவுகோல். ஸ்டார்ட்அப் வரையறையின் வயது வரம்பை ஆழ்தொழில்நுட்பத்துக்கு மட்டும் நீட்டுவது பற்றி அரசு வட்டாரத்தில் எழுந்த பேச்சு நல்லதுதான். ஆனால் பத்து இருபதானாலும் புசெக்கின் 21-ஆம் ஆண்டு வெளியே நிற்கும்.

2012 ஆணை பேசுவது பொருள்களையும் சேவைகளையும் மட்டும். ஒரு பொதுத்துறை நிறுவனம் மேசை நாற்காலியையும் திருகாணியையும் சிறு நிறுவனத்திடம் வாங்கியாக வேண்டும். புதிய உந்துபொறிக்கான ஆறு மாத ஆராய்ச்சியை வாங்க வேண்டியதில்லை. அந்த ஆணை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கையாகப் பிறந்தது. ‘பொருள், சேவை’ என்ற இரு சொற்களுக்கு அருகே ‘ஆராய்ச்சி’ என்ற மூன்றாவது சொல்லைச் சேர்த்து, ஆராய்ச்சி நிதி பெரிதாக உள்ள விண்வெளி, பாதுகாப்பு, அணுசக்தித் துறைகளுக்கு இரண்டோ மூன்றோ சதவீதத்தில் தொடங்குவதற்கு, நாடாளுமன்றத்தில் புதிய சட்டமுன்வடிவுகூடத் தேவைப்படாது. இன்னோர் அறிவிக்கை போதும்.